கருப்புப் பெட்டிக்கு 1,100 டிகிரி தீ, 6,000 மீட்டர் ஆழம்... இத்தனை சோதனை எதற்கு? உள்ளே தரவு எப்படிப் பதிவாகிறது?

குன்னூர் மலையிலும் கடலூர் கடலிலும் விபத்துக்குப் பின் தேடப்பட்டது ஒரே பொருள்தான். ஷூ பெட்டி அளவுள்ள அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? அதற்குத் தரச் சான்று தருவது யார்? ஒரு முழுப் பார்வை.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தனர். மறுநாளே கருப்புப் பெட்டி கிடைத்தது. 2022 ஜனவரியில் முப்படை விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு வெளியானது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்றது அந்த அறிக்கை. சாட்சிகளின் வாக்குமூலத்தோடு, பதிவுக் கருவிகளின் தரவையும் குரல் பதிவையும் ஆராய்ந்துதான் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2015 ஜூன் 8ஆம் தேதி இரவு. சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் மூன்று பேருடன் காணாமல் போனது. ஒரு மாதத்துக்கும் மேல் தேடல் நடந்தது. ஐஎன்எஸ் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியில் விட்டுவிட்டுக் கேட்ட ஒலியைப் பிடித்தது. பிறகு ரிலையன்ஸ் நிறுவனம் கொடுத்து உதவிய ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல், கடலூர் - சிதம்பரம் கரைக்கு அப்பால் சுமார் 950 மீட்டர் ஆழத்திலிருந்து தரவுப் பதிவுக் கருவியை மீட்டது.

950 மீட்டர் என்றால் எவ்வளவு? நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட அந்த மலையின் உயரத்தைத் தலைகீழாகக் கடலுக்குள் இறக்கினால் வரும் ஆழம் அது.

கருப்புப் பெட்டி கருப்பா?

இல்லை. அடர்ந்த ஆரஞ்சு நிறம். இடிபாடுகளுக்கு நடுவே சட்டெனக் கண்ணில் படுவதற்காக அந்த நிறமும், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளும். மேலே 'விமானப் பதிவுக் கருவி, திறக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

பொதுவாக ஒரு பயணிகள் விமானத்தில் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று ஃப்ளைட் டேட்டா ரெக்கார்டர். விமானம் என்ன செய்தது என்பதை எண்களாகப் பதிவு செய்வது. இன்னொன்று காக்பிட் வாய்ஸ் ரெக்கார்டர். விமானிகளின் பேச்சு, எச்சரிக்கை ஒலிகள், இன்ஜின் சத்தம், சுவிட்ச் தட்டும் ஓசை வரை பதிவு செய்வது. போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் இரண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்கிறது. அப்படிப்பட்ட பெட்டி முன்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று என இரண்டு இருக்கும்.

வழக்கமாகக் கருவியை வால்பகுதியில்தான் வைப்பார்கள். பெரும்பாலான விபத்துகளில் முன்பகுதி முதலில் மோதி அடியை வாங்கிக்கொள்ளும், வால்பகுதிக்கு வரும்போது அடியின் வேகம் குறைந்திருக்கும் என்பதுதான் கணக்கு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1953 மே 2. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட காமெட் ஜெட் விமானம் சிறிது நேரத்திலேயே வானில் சிதறியது. 43 பேர் உயிரிழந்தனர். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் அடுத்தடுத்து விபத்தில் சிக்க, காரணம் புரியாமல் நிபுணர்கள் திணறினார்கள். அந்த ஆய்வில் ஈடுபட்டிருந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரனுக்குத் தோன்றியது ஒரு எளிய கேள்வி: விமானிகள் கடைசியாகப் பேசியது பதிவாகியிருந்தால்? 1934இல் நடந்த ஒரு விமான விபத்தில் தன் தந்தையை இழந்தவர் அவர்.

மெல்போர்னில் அவர் உருவாக்கிய மாதிரிக் கருவிக்கு முதலில் சொந்த நாட்டிலேயே பெரிய வரவேற்பு இல்லை. 1960இல் குயின்ஸ்லாந்தின் மக்காய் நகரம் அருகே நடந்த விபத்துக்குப் பிறகுதான் ஆஸ்திரேலியா பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன.

தொடக்கத்தில் உலோகத் தகட்டில் ஊசியால் கீறிப் பதிவு செய்தார்கள். அடுத்து காந்த நாடா வந்தது. இப்போது இருப்பது மெமரி சிப். சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் பழுதும் குறைவு, அடியையும் தாங்கும்.

உள்ளே என்னதான் பதிவாகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை. கொல்லிமலை ஏறும் அரசுப் பேருந்தில் இப்படியொரு கருவி வைப்பதாக வைத்துக்கொள்வோம். என்னவெல்லாம் பதிவு செய்ய வேண்டும்? வேகம், உயரம், நேரம், இன்ஜின் சுழற்சி. இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாரா என்பது ஒரு தகவல். பிரேக் பிடித்ததா என்பது இன்னொரு தகவல். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினார் என்பது ஒன்று, சக்கரம் எவ்வளவு திரும்பியது என்பது வேறொன்று. இரண்டும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால்தான் தவறு மனிதருடையதா, இயந்திரத்துடையதா என்று சொல்ல முடியும். மிதித்தும் பிடிக்கவில்லை என்றால் வண்டியில் கோளாறு. மிதிக்கவே இல்லை என்றால் கேள்வி வேறு பக்கம் திரும்பும்.

விமானத்திலும் இதேதான். விமானி கட்டுப்பாட்டுக் கருவியை நகர்த்திய அளவும் பதிவாகும், அதற்கேற்ப இறக்கைப் பகுதிகள் அசைந்த அளவும் பதிவாகும். இப்படிப் பதிவாகும் ஒவ்வொரு விவரத்தையும் 'பாராமீட்டர்' என்கிறார்கள். அமெரிக்க விதிப்படி பெரிய பயணிகள் விமானங்கள் பதிவு செய்தாக வேண்டியவை 88. நவீன விமானங்கள் தாங்களாகவே ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்கின்றன.

நொடிக்கு எத்தனை முறை?

அடுத்த சிக்கல் இது. கொல்லிமலையில் ஒரு கொண்டை ஊசி வளைவைக் கடக்கச் சில நொடிகள்தான் ஆகும். பத்து நொடிக்கு ஒருமுறை ஸ்டீயரிங்கைப் பதிவு செய்தால், வளைவு ஒன்று இருந்ததே பதிவில் தெரியாமல் போகலாம். அதனால் வேகமாக மாறும் விஷயங்களை அடிக்கடி அளக்க வேண்டும், மெதுவாக மாறுவதை எப்போதாவது அளந்தால் போதும்.

விமானத்தில் செங்குத்து முடுக்கம், அதாவது மேலும் கீழுமான உலுக்கல், நொடிக்கு 8 முறை பதிவாகும். உயரம், செல்லும் திசை போன்றவை நொடிக்கு ஒருமுறை. அவ்வளவு அவசரமில்லாதவை நான்கு நொடிக்கு ஒருமுறை.

இந்த அளவீடுகள் எல்லாம் விமானம் முழுக்க உள்ள சென்சார்களிலிருந்து முதலில் ஒரு சேகரிப்பு யூனிட்டுக்கு வரும். அந்த யூனிட் ஒவ்வொன்றையும் 12 பிட் கொண்ட ஒரு 'சொல்லாக' மாற்றும். 12 பிட்டில் 4,096 படிகளைக் குறிக்கலாம். 360 டிகிரித் திசையை 4,096ஆகப் பிரித்தால், ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றம்கூடத் தெரிந்துவிடும்.

ஒரு நொடிக்கான சொற்கள் சேர்ந்தது ஒரு துணைச் சட்டகம். நான்கு துணைச் சட்டகங்கள் சேர்ந்தால் ஒரு முழுச் சட்டகம். ஒவ்வொரு துணைச் சட்டகத்தின் தொடக்கத்திலும் ஓர் அடையாளச் சொல் இருக்கும். பதிவு நடுவில் அறுந்துபோனாலும், அந்த அடையாளத்தைப் பிடித்து எங்கிருந்து எது தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஏஆர்ஐஎன்சி 717 என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். பல விமானங்களில் இன்றும் இதுதான். போயிங் 787 போன்றவை அதற்கடுத்த தலைமுறை முறையைப் பயன்படுத்துகின்றன.

25 மணி நேரத் தரவு... எத்தனை ஜிபி?

இங்கேதான் பலருக்கும் ஆச்சரியம். தரவுப் பதிவுக் கருவி குறைந்தது 25 மணி நேரத் தகவலை வைத்திருக்க வேண்டும். பழைய முறையில் நொடிக்கு 64 சொற்கள். கணக்குப் போட்டால் 25 மணி நேரத்துக்கு வெறும் 8.64 எம்பி. செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோக்களின் அளவு! நொடிக்கு 1,024 சொற்கள் பதியும் கருவிக்குக்கூட 25 மணி நேரத்துக்கு சுமார் 138 எம்பிதான்.

அப்படின்னா விலையும் எடையும் எதற்கு? பெட்டியின் உள்ளே இருக்கும் மெமரி மிகச் சிறியது. மீதியெல்லாம் அந்த மெமரியைக் காப்பாற்றும் கவசம். வெளியே கடினமான எஃகு அல்லது டைட்டானியம் கூடு. அதற்குள் வெப்பம் புகாத காப்புப் பொருள். நடுவே மெமரி பலகைகள்.

25 மணி நேரம் முடிந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். கோயிலைச் சுற்றி வருவது போல முடிவே இல்லாத சுற்று. எப்போது நின்றாலும், அதற்கு முந்தைய 25 மணி நேரம் கையில் இருக்கும்.

சான்று பெற என்னென்ன சோதனை?

ஐரோப்பிய விமானக் கருவிகளுக்கான யூரோகே அமைப்பு 2013இல் வெளியிட்ட இடி-112ஏ என்ற ஆவணம்தான் இன்று உலகம் முழுக்க அளவுகோல். அதன் முக்கியச் சோதனைகள் இவை:

மோதல்: 3,400 ஜி அளவு அதிர்ச்சி, 6.5 மில்லி நொடிக்கு. பெட்டியின் எடை நாலரை கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அது 15 டன் எடைக்குச் சமமான விசையைத் தாங்குகிறது. நாமக்கல்லிலிருந்து சரக்கேற்றிப் புறப்படும் ஒரு லாரியை மனதில் கொண்டு வாருங்கள்.

குத்து: 227 கிலோ எடை, 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும். எடையின் முனையில் 6.35 மி.மீ. எஃகு ஆணி இருக்கும். பெட்டியின் பலவீனமான இடம் பார்த்து இறக்குவார்கள்.

நசுக்கல்: சுமார் 2,270 கிலோ அழுத்தம், 5 நிமிடம்.

கடும் தீ: 1,100 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம். பழைய தரத்தில் இது அரை மணி நேரமாக இருந்தது.

மெல்லிய தீ: 260 டிகிரி, 10 மணி நேரம். இடிபாடு தணலாகக் கனன்று கொண்டிருக்கும் நிலைக்கான சோதனை இது. சில நேரம் கடும் தீயைவிட இதுதான் ஆபத்து. வெப்பம் பொறுமையாக உள்ளே இறங்கி சிப்பைத் தொட்டுவிடும்.

கடல்: 6,000 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தம். தனியாக, உப்பு நீரில் 30 நாள். விமான எரிபொருள், ஹைட்ராலிக் ஆயில், தீயணைப்பு ரசாயனம் ஆகியவற்றிலும் ஊற வைப்பார்கள்.

முக்கியமான விஷயம், அடி, குத்து, நசுக்கல், தீ எல்லாம் ஒரே பெட்டிக்கு வரிசையாக நடக்கும். ஒவ்வொன்றுக்கும் புதுப் பெட்டி கிடையாது. நிஜ விபத்தில் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத்தானே வரும்! கூடு சப்பிப்போனாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் தரவைப் படிக்க முடிந்தால்தான் தேர்ச்சி.

சான்று தருவது யார்?

இது ஒரே அலுவலகத்தில் முடியும் வேலை இல்லை. நான்கு அடுக்கு.

எந்த விமானத்தில் என்ன கருவி இருக்க வேண்டும் என்பதை ஐ.நா.வின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, தன் 6ஆம் இணைப்பில் வரையறுக்கிறது. கருவியை எப்படிச் சோதிப்பது என்பதை இடி-112ஏ சொல்கிறது. அதில் தேறிய கருவிக்கு அமெரிக்காவின் எஃப்ஏஏ 'டிஎஸ்ஓ' என்ற அங்கீகாரமும், ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ 'இடிஎஸ்ஓ' என்ற அங்கீகாரமும் வழங்குகின்றன. தரவுப் பதிவுக்கு டிஎஸ்ஓ-சி124, குரல் பதிவுக்கு டிஎஸ்ஓ-சி123, ஒலி எழுப்பும் கருவிக்கு டிஎஸ்ஓ-சி121 என்று தனித்தனி எண். நான்காவதாக, இந்தியாவில் பறக்கும் சிவில் விமானங்களுக்கு டிஜிசிஏ தன் விதித்தொகுப்பின் மூலம் இதைக் கட்டாயமாக்குகிறது.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருப்பது வேறு, அதைத் தலையில் சரியாக மாட்டுவது வேறு, இல்லையா? அதுபோல, சான்று பெற்ற கருவியை ஒரு விமானத்தில் பொருத்துவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். பொருத்திய பிறகும் ஆண்டுக்கொரு முறை பதிவைப் படித்துப் பார்த்து, எல்லா பாராமீட்டரும் சரியாக விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். சென்சார்களின் அளவீடு துல்லியமா என்பதை 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும்.

இந்த வருடாந்திரச் சோதனை ஏன் முக்கியம்? பதிவுக் கருவி பழுதானாலும் விமானம் வழக்கம்போலப் பறக்கும். ஒரு சென்சார் தவறான எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அது விபத்து நடந்த பிறகுதான் தெரியவரும் என்ற நிலை வரக் கூடாது.

தண்ணீருக்குள் விழுந்தால்?

பெட்டியோடு விரல் நீள உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அது தானாக உயிர்பெற்று, நொடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸில் 'டிக்... டிக்' என்று ஒலியெழுப்பும். மனிதக் காதுக்குக் கேட்காது, சோனாருக்குத்தான் கேட்கும். அதுவும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான்.

பழைய கருவிகளில் இதன் பேட்டரி 30 நாள்தான் தாங்கும். 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தைத் தேடியவர்களுக்கு அந்த 30 நாளில் ஒலி கிடைக்கவில்லை. 2011 மே மாதம்தான், சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கருவிகளை எடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்தும் தரவு பத்திரமாக இருந்தது! அந்த விபத்தின் பாடமாகத்தான் புதிய கருவிகளுக்கு 90 நாள் பேட்டரி என்ற விதி வந்தது.

பெட்டி கிடைத்தால் உண்மை கிடைத்துவிடுமா?

எப்போதும் இல்லை. 2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 171 விமானத்தை எடுத்துக்கொள்வோம். வால்பக்கப் பெட்டி கடுமையாகச் சேதமடைந்திருந்தது. முன்பக்கப் பெட்டியின் மெமரியிலிருந்து டெல்லியில் உள்ள ஏஏஐபி ஆய்வகத்தில் தரவு எடுக்கப்பட்டது. சுமார் 49 மணி நேரத் தரவும், 2 மணி நேரக் குரல் பதிவும் கிடைத்தன.

இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் 'ரன்' நிலையிலிருந்து 'கட்ஆஃப்' நிலைக்கு மாறியதாகப் பதிவு காட்டியது. ஏன் மாறின என்பதை ஜூலையில் வெளியான முதற்கட்ட அறிக்கை முடிவு செய்யவில்லை. என்ன நடந்தது என்பதைக் கருவி சொல்லும். ஏன் நடந்தது என்பதை மற்ற ஆதாரங்களோடு சேர்த்து மனிதர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மின்சாரம் போனாலும் சிக்கல். 2024 டிசம்பர் 29இல் தென்கொரியாவில் விபத்துக்குள்ளான ஜேஜு ஏர் விமானத்தில், கடைசி நான்கு நிமிடங்களுக்கு இரண்டு கருவிகளிலும் பதிவே இல்லை. விமானத்தின் மின்சாரம் நின்றாலும் சுமார் 10 நிமிடம் குரல் பதிவைத் தொடரச் செய்யும் தனி பேட்டரி பிற்கால விமானங்களில் உண்டு.

இன்னொரு பலவீனம், 2 மணி நேரத்தோடு நின்றுவிடும் குரல் பதிவு. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவுப் பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியும், கருவியை உடனே நிறுத்தாததால் குரல் பதிவு அழிந்துபோனது. புதிய பெரிய விமானங்களில் குரல் பதிவும் 25 மணி நேரம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பா ஏற்கெனவே விதி போட்டிருந்தது. அமெரிக்காவும் அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது.

ராணுவ விமானங்களுக்கும் இதே விதியா?

இங்கேதான் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள கேள்வி வருகிறது. ஐகாவோவுக்கு அடித்தளமான சிகாகோ ஒப்பந்தம் சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். ராணுவம், சுங்கம், காவல்துறை விமானங்கள் 'அரசு விமானங்கள்' என்ற தனிப்பிரிவு. அவற்றில் என்ன கருவி இருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாடும் படையும்தான் முடிவு செய்கின்றன.

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 வங்கக் கடலின் மேல் காணாமல் போனது. தண்ணீருக்கடியில் ஒலியெழுப்பும் கருவி அந்த விமானத்தில் இல்லை என்று அப்போதே செய்திகள் வெளியாயின. கப்பல்களும் விமானங்களும் பல வாரம் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை.

2024 ஜனவரியில்தான் விடை வந்தது. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அந்த விமானத்தின் பாகங்களைப் படமெடுத்தது.

இரண்டும் வங்கக் கடல்தான், இரண்டும் சென்னைப் பக்கமிருந்து கிளம்பியவைதான். ஒலி கேட்ட டார்னியரின் மூன்று குடும்பங்களுக்கு ஒரு மாதத்தில் விடை கிடைத்தது. ஆழமும் தூரமும் கூடுதலாக இருந்த ஏஎன்-32 விமானத்தின் 29 குடும்பங்கள் ஏழரை ஆண்டு காத்திருந்தன. விரல் நீள உருளை ஒன்றின் இருப்பும் இல்லாமையும் அந்த இடைவெளியில் ஒரு பங்கு வகிக்கிறது. சான்று, விதி, வருடாந்திரச் சோதனை என்பதெல்லாம் காகித வேலை போலத் தெரிந்தாலும், அவை கடைசியில் போய்ச் சேரும் இடம் இப்படி ஒரு வீட்டு வாசல்தான்.